“எந்த ஊர்ல இருக்கே கண்ணு?” - கர்ப்பிணிகளைத் தேடி அலையும் மத்தூர் நர்சம்மாக்கள்

அன்று ஞாயிற்றுக்கிழமை. போச்சம்பள்ளி சந்தைக்குப் போக அம்மா பையை உதறிக்கொண்டிருந்தார். அக்காவின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள்.

“எந்த ஊர்ல இருக்கே கண்ணு? மாமியார் வூட்லயா, அம்மா வூட்லயா?”

அக்காவுக்கு அப்போது ஐந்தாம் மாதம். புகுந்த வீடு கர்நாடகாவில், ஆனேக்கல் பக்கம். மத்தூர் அருகே இருக்கும் எங்கள் வீட்டுக்கு முந்தின நாள் சாயங்காலம்தான் வந்திருந்தாள். ஒரு ராத்திரி தங்குவதற்குள் எங்கள் ஊர் கிராம சுகாதார செவிலியருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. எப்படி என்று கேட்டால், கம்ப்யூட்டர் எதுவும் சொல்லவில்லை. தெருமுனை அங்கன்வாடி ஆயாதான் சொல்லியிருக்கிறார்.

அரை மணி நேரத்தில் ஸ்கூட்டி வாசலில் நின்றது. “வாங்க நர்சம்மா” என்று அம்மா மோர் கொண்டு வந்தார். நர்சம்மா குடிக்கவில்லை. “மொதல்ல கார்டைக் குடுங்க யக்கா” என்றார்.

அக்கா கொடுத்தது ‘தாயி கார்டு’. கர்நாடக அரசு கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் அட்டை. எடை, ரத்த அழுத்தம், ஊசி போட்ட தேதி எல்லாம் கன்னடத்தில் எழுதியிருந்தது. நர்சம்மா அதை ஒவ்வொரு வரியாக விரலால் தடவிப் படித்தார். எண்கள் புரிந்தன. எழுத்து புரியாத இடங்களில் அக்காவிடம் கேட்டு, தன் நோட்டில் எழுதினார். பிறகு போனில் ‘பிக்மி’யைத் திறந்தார். ஐந்து மாதப் பரிசோதனைக் கணக்கும் அட்டையில் இருந்தது. ஆனாலும் இங்கே அக்கா புதிதாகப் பிறந்தவள் மாதிரி முதலிலிருந்து பதிவாக வேண்டியிருந்தது.

சர்வர் சுற்றியது. நின்றது. மறுபடி சுற்றியது. மாடிப்படி ஏறி, தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் நின்றால் சிக்னல் வரும் என்று நான் சொன்னேன். அங்கே நின்றுதான் என் அக்காவின் பெயர் தமிழ்நாட்டின் கர்ப்பிணிப் பட்டியலில் ஏறியது.

நான் சென்னையில் டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை பார்ப்பவள். காலையிலிருந்து ராத்திரி வரை ஸ்கிரீன்தான். ஆனால் ஒரு பெயரை ஸ்கிரீனில் ஏற்ற ஒருவர் வெயிலில் மொட்டைமாடியில் நிற்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். லீவு முடியும் வரை அந்த நர்சம்மாவையும், அவர் மூலம் சுற்றுவட்டாரத்தில் இன்னும் சிலரையும் சந்தித்துப் பேசினேன். எல்லோரும் வைத்த நிபந்தனை ஒன்றுதான்: “பேரும் வேணாம், சப்-சென்டர் பேரும் வேணாம். மெமோ வந்துடும்.”

அந்த 12 இலக்க நம்பர்

வீட்டில் ஒரு கர்ப்பிணி இருந்தால் ‘பிக்மி நம்பர் வாங்கியாச்சா?’ என்ற கேள்வி உங்களுக்குப் புதிதாக இருக்காது. கர்ப்பிணிகளையும் பிறக்கும் குழந்தைகளையும் தொடர்ந்து கண்காணிப்பதற்கான தமிழக அரசின் கணினிப் பதிவேடுதான் பிக்மி. 2008 வாக்கில் தொடங்கியது. அதற்கு அடுத்த ஆண்டே மத்திய அரசும் நாடு முழுவதற்கும் தாய் - சேய் கண்காணிப்புப் பதிவேட்டைக் கொண்டுவந்தது. இப்போது அது ஆர்.சி.ஹெச் போர்ட்டல். பதிவு செய்ததும் கிடைக்கும் 12 இலக்க எண்தான் ஆர்.சி.ஹெச் நம்பர். ஊரில் அதற்கு பிக்மி நம்பர் என்றுதான் பெயர்.

2017-லிருந்து தமிழ்நாட்டில் குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கு இந்த எண் கட்டாயம். அரசு மருத்துவமனை, தனியார் என்ற வித்தியாசம் இல்லை. 2023 அக்டோபர் 1-க்குப் பிறகு பிறந்த குழந்தைகளுக்கு பள்ளி சேர்க்கை முதல் டிரைவிங் லைசென்ஸ் வரை பிறப்புச் சான்றிதழே அடிப்படை ஆவணம் என்று சட்டமே வந்துவிட்டது. ஆக, வயிற்றில் இருக்கும்போது வாங்கும் ஒரு எண், பதினெட்டு வருஷம் கழித்து லைசென்ஸ் வாங்கும் நாள் வரைக்கும் நீள்கிறது.

பணமும் இதில்தான் இருக்கிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் மொத்தம் 18,000 ரூபாய். அதில் 14,000 ரொக்கம், மீதி 4,000 ரூபாய்க்கு ஊட்டச்சத்துப் பெட்டகம். 2006-ல் 6,000, 2011-ல் 12,000 என்று ஏறி, 2018-ல் இந்தத் தொகைக்கு வந்தது. 19 வயது நிறைந்திருக்க வேண்டும், முதல் இரண்டு பிரசவங்களுக்கு மட்டும், சீக்கிரம் பதிவு செய்திருக்க வேண்டும் என்று நிபந்தனைகள் உண்டு.

எல்லாவற்றையும்விட முக்கியமான காரணம் உயிர். பிரசவத்தில் தாய் இறப்பது எப்போதும் திடீரென நடப்பதில்லை. ரத்தம் 7 கிராமுக்குக் கீழே இருப்பதும், ரத்த அழுத்தம் 140/90-ஐத் தாண்டுவதும், முதல் குழந்தை சிசேரியன் என்பதும் பல மாதங்களுக்கு முன்பே தெரிந்துவிடும். அப்படிப்பட்டவர்களை ‘ஹை ரிஸ்க் மதர்’ என்று தனியாகக் குறித்து, எந்த மருத்துவமனையில் பிரசவம் என்பதை முன்கூட்டியே முடிவு செய்கிறார்கள். 2018-20 கணக்குப்படி ஒரு லட்சம் பிரசவங்களுக்கு இந்தியாவில் 97 தாய்மார்கள் இறந்தார்கள். தமிழ்நாட்டில் 54. தேசிய குடும்பநல ஆய்வு 2019-21-ன்படி தமிழ்நாட்டில் 99.6 சதவிகிதப் பிரசவங்கள் மருத்துவமனையில்தான் நடக்கின்றன. பிரசவம் பார்க்கும் வேலை நர்சம்மாவின் கையைவிட்டுப் பெரும்பாலும் போய்விட்டது. கர்ப்பிணியைக் கண்டுபிடித்து, மருத்துவமனை வாசல் வரை கொண்டு சேர்ப்பது அவர் வேலையாகவே இருக்கிறது.

பகலில் வீடு, ராத்திரியில் டேட்டா

சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது கணக்கு. மலைப்பகுதியில் 3,000. தமிழ்நாடு முழுக்க 8,700-க்கும் மேற்பட்ட துணை நிலையங்கள். காலியிடம் இருக்கும் ஊரில் பக்கத்து நர்சம்மாதான் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

எங்கள் நர்சம்மாவின் பையை ஒருநாள் திறந்து காட்டச் சொன்னேன். பி.பி. கருவி, ஹீமோகுளோபின் பார்க்கும் சாமான், இரும்புச்சத்து மாத்திரை அட்டைகள், ஒரு இஞ்சி டேப், பவர் பேங்க். பிறகு நோட்டுகள். கர்ப்பிணிகளுக்கு ஒன்று, தடுப்பூசிக்கு ஒன்று, குடும்பக் கட்டுப்பாட்டுக்கான தம்பதியர் பதிவேடு ஒன்று. “ஆன்லைன்ல ஏத்தறீங்களே, அப்புறம் எதுக்கு நோட்டு?” என்று கேட்டேன்.

“ஆடிட்டுக்கு நோட்டு கேப்பாங்க. மீட்டிங்குக்கு ஆன்லைன் கேப்பாங்க. ரெண்டும் ஒத்துப் போகலைனா என்னைக் கேப்பாங்க.”

இதில் பிக்மி மட்டும் இல்லை. தடுப்பூசிக்கு யு-வின் தனி. ஆதாரோடு இணைத்து ‘ஆபா’ எண் உருவாக்க ஓடிபி வேண்டும். அந்த ஓடிபி போகும் போன், பெங்களூரில் கட்டட வேலையில் இருக்கும் கணவரிடம் இருக்கும். அவர் சாரத்தின் மேல் நின்றுகொண்டிருப்பார், எடுக்க மாட்டார். எடுப்பதற்குள் ஓடிபி காலாவதியாகிவிடும். இதைச் சொல்லும்போது ஒரு நர்சம்மா சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். ஒரு ஓடிபிக்காக மூன்று முறை அதே வீட்டுக்கு நடந்தேன் என்று அவர் சொன்னதும் என் சிரிப்பு நின்றுவிட்டது.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தை 2021 ஆகஸ்டில் முதல்வர் ஸ்டாலின் தொடங்கிவைத்தது இதே கிருஷ்ணகிரி மாவட்டத்தில்தான், சூளகிரி பக்கம் சாமனப்பள்ளியில். சர்க்கரை, பி.பி. மாத்திரை வீட்டுக்கே வருவது எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்குப் பெரிய நிம்மதி. அதற்கென்று தன்னார்வலர்கள் தனியாக இருக்கிறார்கள். இருந்தாலும் ஒவ்வொரு புதுத் திட்டமும் ஒரு புது ‘லாகின்’ ஆகத்தான் சப்-சென்டருக்கு வந்து சேர்கிறது.

விளைவு, பகலில் வீடு வீடாகப் போய் நோட்டில் எழுதுவதை ராத்திரி பத்து மணிக்கு மேல் சர்வர் லேசாக இருக்கும் நேரத்தில் ஏற்றுகிறார்கள். “எம் பொண்ணு பத்தாவது. கணக்குல டவுட்டுனு வருவா. நான் யாரோட எல்.எம்.பி. தேதியோ பாத்துக்கிட்டு இருப்பேன்” என்றார் இன்னொருவர். எல்.எம்.பி. என்பது கடைசி மாதவிடாய் தேதி. அதோடு ஒன்பது மாதம் ஏழு நாள் கூட்டினால் பிரசவ தேதி. இந்த ஒரு தேதி தப்பாகப் போனால் ஸ்கேன், ஊசி, பணம் என எல்லாம் தள்ளிப்போகும். அதைப் பதியும் நேரமோ கண்கள் சொருகும் நேரம். கணினிப் பதிவுக்கு தனி ஆள் போடுங்கள் என்று செவிலியர் சங்கங்கள் பல வருஷங்களாகக் கேட்டு வருகின்றன.

ஸ்வீடன் நினைவுக்கு வருகிறது. அங்கே 1973-லிருந்து தேசிய பிறப்புப் பதிவேடு உண்டு. கர்ப்பகாலக் கவனிப்பு முழுக்க மருத்துவச்சிகள் பொறுப்பில். தேசிய கர்ப்பப் பதிவேட்டில் அவர்கள் சில விவரங்களைப் பதிகிறார்கள். மற்றவை மருத்துவமனையின் கணினிப் பதிவிலிருந்து தானாகவே போய்ச் சேர்ந்துவிடும். ஸ்வீடனோடு மத்தூரை ஒப்பிடலாமா என்று நீங்கள் கேட்கலாம். ஒரே விவரத்தை மூன்று இடத்தில் எழுத வைக்காமல் இருக்க, பணக்கார நாடாக இருக்க வேண்டியதில்லையே!

காணாமல் போகும் பெயர்கள்

கிருஷ்ணகிரி - ஊத்தங்கரை சாலையில் இருக்கும் மத்தூரிலிருந்து ஆந்திர எல்லையும் தூரமில்லை, கர்நாடக எல்லையும் தூரமில்லை. தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது எல்லாம் ஒரே பஸ்ஸில் கேட்கும். பர்கூர், போச்சம்பள்ளி, ஓசூர் சிப்காட்டுகளுக்கு கம்பெனி பஸ்ஸில் பெண்கள் ஷிப்ட்டுக்குப் போகிறார்கள். மாம்பழ சீசனில் தோப்புக்கும் கூழ் கம்பெனிக்கும் கூலிக்குப் போகிறார்கள். குடும்பம் குடும்பமாக பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகிறவர்களும் உண்டு. ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து இங்கே வந்து தங்கியிருப்பவர்களும் உண்டு.

பதிவேடு ஒரு பெண் ஒரே ஊரில் இருப்பாள் என்று நினைக்கிறது. நம் பெண்கள் அப்படி இருப்பதில்லை. பதிவு ஒரு ஊரில், வளைகாப்பு முடிந்து தாய்வீடு ஒரு ஊரில், பிரசவம் டவுனில், குழந்தைக்கு மூன்று மாதம் ஆனதும் கணவர் வேலை பார்க்கும் நகரத்தில். தமிழ்நாட்டுக்குள் என்றால் பிக்மி நம்பரைச் சொல்லித் தேடிவிடலாம். அத்திப்பள்ளி செக்போஸ்ட் தாண்டினால் அவ்வளவுதான். நர்சம்மாவின் ஸ்கிரீனில் அந்தப் பெயருக்கு நேரே கட்டம் காலியாக நிற்கும். மாதாந்திர மீட்டிங்கில் அந்தக் காலிக் கட்டத்துக்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

அதனால்தான் அந்தக் கேள்வி. ‘எந்த ஊர்ல இருக்கே கண்ணு?’ விசாரிப்பு மாதிரி இருந்தாலும் அதற்குள் அவசரம் இருக்கிறது. தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ரத்தசோகை என்கிறது 2019-21 ஆய்வு. இரண்டு மாதம் கண்ணில் படாத பெண்ணுக்கு ரத்தம் எவ்வளவு இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

இதே காலிக் கட்டம் இன்னொன்றையும் காட்டிக்கொடுக்கும். பெண் சிசுக்கொலைக்குப் பேர்போன பகுதி இது என்பதை மறைக்க முடியாது. தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-ல் சேலத்தில் தொடங்கி, பிறகு தர்மபுரிக்கும் வந்தது. கிருஷ்ணகிரி 2004 வரை தர்மபுரி மாவட்டத்தில்தான் இருந்தது. கருவிலேயே பாலினம் பார்ப்பதற்கு எதிராக 1994-லிருந்து சட்டம் இருக்கிறது. ஆனாலும் இரண்டு பெண் குழந்தைகள் இருக்கும் வீட்டில், நாலாம் மாதம் வரை பதிவில் இருந்த கர்ப்பம் ஐந்தாம் மாதம் ‘தானா கலைஞ்சிடுச்சு’ என்றானால், நர்சம்மாவுக்கு மனசு உறுத்தும். நிஜமாகவே கலைந்திருக்கலாம். குழந்தையை இழந்து படுத்திருக்கும் பெண்ணிடம் போய் எங்கே ஸ்கேன் பார்த்தீர்கள் என்று கேட்பது எவ்வளவு கொடுமை! ஆனால் கேட்டாக வேண்டும். “கேட்டுட்டு வெளிய வந்து வண்டிய ஸ்டார்ட் பண்ணவே கை வராது” என்றார்.

வயது என்ற ஒரு கட்டம்

பேசிய எல்லோரும் குரலைத் தணித்தது ஒரே இடத்தில்தான். வயது.

2025 மார்ச்சில் அஞ்செட்டி மலைக் கிராமத்தில் 14 வயதுச் சிறுமிக்குக் கட்டாயத் திருமணம் செய்துவைத்து, அழ அழத் தூக்கிச் சென்ற வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அது போனில் சிக்கியதால் வெளியே வந்தது. சிக்காதவை நர்சம்மாவிடம்தான் முதலில் வந்து சேர்கின்றன, நாலு மாத வயிறாக.

பதிவுக்கு ஆதார் வேண்டும். ஆதாரில் பிறந்த தேதி இருக்கும். 18-க்குக் கீழே என்றால் விஷயம் சுகாதாரத்துறையோடு நிற்காது. 2012-ன் போக்சோ சட்டப்படி, தெரிந்தும் தகவல் சொல்லாமல் இருப்பது குற்றம். 2006-ன் குழந்தைத் திருமணத் தடைச் சட்டமும் இருக்கிறது. சமூக நலத்துறைக்கும் மகளிர் போலீஸுக்கும் தகவல் போகும். பையன் மேல் வழக்கு பதிவாகும். சில சமயம் பெற்றோர் மேலும்.

சட்டம் சரிதான். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. பதினாறு வயது உடம்பு பிரசவத்துக்குத் தயாராக இல்லை. ரத்தசோகை, உயர் ரத்த அழுத்தம், எடை குறைந்த குழந்தை என எல்லா ஆபத்தும் அங்கே அதிகம். பதிவேடு முதலில் கண்டுபிடித்து, சிவப்பில் குறித்து, கூடவே நடக்க வேண்டியது அவளோடுதான்.

நடப்பது வேறு. ஒரு வீட்டில் வழக்கு வந்தால் அடுத்த நாலு தெருவுக்குச் செய்தி பரவும். அதன் பிறகு அந்தப் பகுதியில் இளவயதுக் கர்ப்பம் ‘இல்லாமல்’ போய்விடும். பெண்ணை எல்லை தாண்டி உறவினர் வீட்டில் கொண்டுபோய் விடுவார்கள். நர்சம்மா போனால் கதவு பூட்டியிருக்கும். ஏழாம் மாதம், எட்டாம் மாதம் வலி கண்டு ஆஸ்பத்திரிக்கு வரும்போதுதான் முதல் பி.பி. பார்ப்பார்கள். 19 நிறையாததால் உதவித்தொகையும் கிடையாது. ஆக, பதிவு செய்வதில் அந்தக் குடும்பத்துக்குப் பயம் மட்டும்தான் மிச்சம்.

“நான் பதிஞ்சா அந்தப் புள்ளைக்கு என் மேல இருக்கிற நம்பிக்கை போயிரும். பதியலைனா புள்ளையே போயிரும். நான் பதிவேன். ஆனா பதியறதுக்கு முன்னாடி அவ கையப் புடிச்சு, எது வந்தாலும் செக்கப்புக்கு மட்டும் வந்துடுன்னு சொல்லுவேன். ரெண்டு பேரு வந்தாங்க. ஒருத்தி வரலை.”

வராதவள் என்ன ஆனாள் என்று கேட்டேன். தலையை மட்டும் ஆட்டினார். நான் அதற்கு மேல் கேட்கவில்லை.

அந்தப் பெண்ணிடம் சொன்னதை எழுத பதிவேட்டில் கட்டம் இல்லை. மாமியார் சாப்பாடு போடுவதில்லை, கணவன் குடித்துவிட்டு அடிக்கிறான், மாத்திரையை வாங்கி அலமாரியில் அடுக்கி வைத்திருக்கிறாள் என்பதற்கும் கட்டம் இல்லை. இரும்புச்சத்து மாத்திரை ‘கொடுத்தாச்சு’ என்று டிக் அடிக்க மட்டும் இடம் இருக்கிறது. விழுங்கினாளா என்பது நர்சம்மாவின் மண்டையில்தான் பதிவாகியிருக்கிறது. அவர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனால் அதுவும் கூடவே போய்விடும்.

திட்டும் வாங்க வேண்டும்

பணம் வரவில்லை என்றால் திட்டு விழுவதும் இவருக்குத்தான். “நர்சம்மா அமுக்கிட்டாங்க” என்று முகத்துக்கு நேரே சொன்னவர்கள் உண்டாம். பணம் இவர் கையில் வருவதே இல்லை, நேராக வங்கிக் கணக்குக்குப் போகிறது. கணக்கு கணவர் பெயரிலோ, ஆதாரோடு இணைக்காமலோ, பல மாதமாகப் பயன்படுத்தாமல் முடங்கியோ இருந்தால் நின்றுவிடும். இதை ஒரு நாளைக்கு எத்தனை பேருக்கு விளக்குவது?

அதனால் வீட்டில் கர்ப்பிணி இருப்பவர்களுக்கு, நர்சம்மாக்கள் சொல்லச் சொன்னவை: நாள் தள்ளிப்போனது உறுதியானதும், 12 வாரத்துக்குள் பதிவு செய்துவிடுங்கள். 102-க்குப் போன் செய்தோ, பிக்மி இணையதளத்திலோ நீங்களே முன்பதிவு செய்யலாம். செவிலியர் சரிபார்த்த பிறகுதான் எண் கிடைக்கும். தனியார் மருத்துவமனையில் காட்டினாலும் இது தேவை. கடைசி மாதவிடாய் தேதியை காலண்டரில் குறித்து வைத்திருங்கள், ‘தீபாவளிக்கு முந்தி’ என்று சொல்லாதீர்கள். வங்கிக் கணக்கு கர்ப்பிணியின் பெயரிலேயே இருக்கட்டும். போன் நம்பர் மாற்றினால் சொல்லுங்கள். ஊர் மாறினால் கிளம்பும் முன்பே சொல்லுங்கள், அட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள். இந்தக் கடைசி விஷயத்தை நான் பேசிய எல்லோருமே இரண்டு தடவை சொன்னார்கள்.

அக்காவுக்கு ஆண் குழந்தை, 2 கிலோ 900. பிறப்புச் சான்றிதழ் சிக்கல் இல்லாமல் வந்தது. ஆறாவது வாரத் தடுப்பூசி போட்ட கையோடு, மாமா கார் கொண்டு வந்தார். ஆனேக்கல் கிளம்ப வேண்டும்.

நர்சம்மா வாசலிலேயே நின்று, அங்கே இருக்கும் ஆஷா பணியாளரின் நம்பரை அக்காவிடம் கேட்டு வாங்கினார். உடனே கூப்பிட்டார். அந்தப் பக்கம் கன்னடம், இந்தப் பக்கம் தமிழ். ரெண்டு நிமிஷம் தடுமாறிவிட்டு இருவரும் தெலுங்குக்கு மாறிக்கொண்டார்கள். பத்தாவது வார ஊசி எந்தத் தேதியில் என்று பேசி முடித்தார்கள். நர்சம்மா தன் நோட்டின் பின் அட்டையில் அந்த நம்பரை எழுதினார். அங்கே ஏற்கெனவே பதினைந்து இருபது நம்பர்கள் இருந்தன. அத்திப்பள்ளி, சர்ஜாபூர், குப்பம் என்று பக்கத்தில் ஊர்ப் பெயர்கள்.